ஸ்டென்ட், பைபாஸ் முடிந்து மலைக்குத் திரும்பிய பிறகு தாம்பத்தியம்: டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாத விஷயம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு டிசம்பர் விடியற்காலையில் அட்டாக் வந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய், மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்து அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த சீட்டில் உப்பு எவ்வளவு, ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, எத்தனை நிமிடம் நடக்கலாம், எப்போது வண்டி எடுக்கலாம் என்று எல்லாம் இருந்தது. கணவன் மனைவி எப்போது சேர்ந்து இருக்கலாம் என்று ஒரு வரி இல்லை. நான் இருபத்து நாலு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள், எத்தனையோ பேருக்கு இதே மாதிரிச் சீட்டை வாசித்து விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு என் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வரவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே என் மகன் என் படுக்கையை ஹாலில் விரித்துவிட்டான். "அப்பாவைத் தொந்தரவு பண்ணாதம்மா, நிம்மதியாத் தூங்கட்டும்." பாசத்தில்தான் செய்தான். அந்தப் படுக்கை ஏழு மாசம் ஹாலிலேயே இருந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். நான் அவரை இனி நோயாளியாக மட்டும்தான் பார்க்கிறேன் என்று அவருக்கு வருத்தம், அதைப் பின்னால்தான் சொன்னார். யாரும் சொல்லாத ஒன்றை நாங்கள் "கூடாது" என்று எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான் நடந்தது. அந்த ஏழு மாசம் தேவையே இல்லாமல் போனது. வேறு யாருக்கும் அப்படிப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன், நீங்களும் அப்படியே படியுங்கள்.

இதயத்துக்கு எவ்வளவு வேலை

உடலுறவு என்றால் நெஞ்சு வெடிக்கிற அளவு உழைப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பல வருஷம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவிக்குள் நடக்கும்போது அது இதயத்துக்குக் கொடுக்கிற வேலை, வேகமாக நடப்பதற்கோ இரண்டு மாடிப் படி ஏறுவதற்கோ சமம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு. நாடித்துடிப்பு பெரும்பாலும் 130-ஐத் தாண்டாது, பிரஷரில் மேல் எண் 170-ஐத் தாண்டுவதும் அபூர்வம், அதுவும் உச்சத்தில் கொஞ்ச நேரம்தான், அப்புறம் இறங்கிவிடும். கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறுகிற பெண்ணும், கீழ்க் குன்னூர் மார்க்கெட்டிலிருந்து மேலே பெட்ஃபோர்டு வரைக்கும் பையோடு நடக்கிற மனிதரும் தினமும் இதைவிட அதிக வேலையை இதயத்துக்குக் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? கொஞ்சம் உண்டு. 1996-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், அட்டாக் வந்தவர்களை விசாரித்துப் பார்த்தபோது உடலுறவு அதைத் தூண்டியிருக்கலாம் என்று சொல்லும்படி இருந்தவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தவறாமல் நடந்து உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்தச் சிறிய ஆபத்தும் இன்னும் குறைகிறது. உடலுறவின்போது திடீரென்று இறந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளில் இன்னொரு விஷயமும் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், முக்கால்வாசிப் பேர் மனைவியல்லாத ஒருவருடன், பழக்கமில்லாத இடத்தில், பல நேரம் வயிறு முட்டச் சாப்பிட்டோ குடித்தோ இருந்திருக்கிறார்கள். ஒழுக்கம் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பதற்றம், அவசரம், சாராயம், வயிறு நிறைந்த சாப்பாடு, இவை எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் இதயத்துக்குப் பாரம் கூடுகிறது, சொந்த வீட்டில் சொந்தப் படுக்கையில் நிதானமாக இருப்பது வேறு கணக்கு.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்

இது என்ன சிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்தது. அட்டாக் இல்லாமல் அடைப்புக்கு மட்டும் மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்திருந்தால், கை ஆறி, நடக்கும்போது நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றால் சில நாட்களே போதும். தொடை இடுக்கு வழியாகச் செய்திருந்தால் அந்த இடம் முழுக்க ஆற வேண்டும். வீக்கமோ, கட்டியோ, ரத்தக் கசிவோ இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். சிக்கல் இல்லாத அட்டாக் என்றால், லேசான வேலைகளில் நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ இல்லாதவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகே அனுமதிக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நான் கூட வேலை பார்த்த மருத்துவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்து, இரண்டிலிருந்து நான்கு வாரம் என்று சொல்வார்கள். உங்கள் மருத்துவர் சொல்வதையே கணக்கில் வையுங்கள்.

பைபாஸ், வால்வு மாதிரி நெஞ்சைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் ஆறு முதல் எட்டு வாரம். காரணம் இதயம் இல்லை, நெஞ்செலும்பு. அதை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், அது கூடுவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும். அதற்கு முன் கையை ஊன்றி உடம்பைத் தாங்குவது, நெஞ்சின் மேல் இன்னொருவர் பாரம் விழுவது இரண்டும் கூடாது. இருமும்போதோ திரும்பிப் படுக்கும்போதோ எலும்பு "கடக்" என்றால் இன்னும் கூடவில்லை என்று அர்த்தம், உடனே காட்ட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்குவதையும் அதில் பாரம் ஊன்றுவதையும் மருத்துவர் சொல்கிற வாரங்கள் வரைக்கும் தவிர்த்தால் போதும். துடிப்பு தாறுமாறாக ஓடினால் ஷாக் கொடுத்துச் சரிசெய்கிற ஐ.சி.டி. கருவி வைத்திருக்கிறவர்களின் துணைகள், அது ஷாக் அடித்தால் நமக்கும் அடிக்குமோ என்று பயப்படுவார்கள். அதிகபட்சம் லேசாகச் சுருக்கென்று தெரியலாம், அவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

சிலருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே சரியான பதில். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலி வருகிறவர்கள், கால் வீங்கி மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள், துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்கள், வால்வு மிகவும் சுருங்கி மயக்கம் வருகிறவர்கள். இவர்களுக்கும் இது நிரந்தரத் தடை இல்லை, சிகிச்சையில் நிலைமை சரியானதும் மறுபடி கேட்கலாம்.

படிக்கட்டு சொல்லும்

மேலே சொன்ன இரண்டு மாடிப் படிக் கணக்கு நமக்கு ரொம்ப வசதி, மலையில் படி இல்லாத வீடு ஏது. மருத்துவர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு, சமதளத்தில் பத்து நிமிடம் சற்று வேகமாக நடந்துவிட்டு, இரண்டு மாடி உயரத்துக்குப் படிகளை நிற்காமல் உங்கள் வழக்கமான வேகத்தில் ஏறிப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ ஓடுகிற வலி, பேச முடியாத அளவு மூச்சு வாங்கல், தலைசுற்றல், படபடப்பு எதுவும் வராமல் ஏறிவிட்டால், இதயம் தயார் என்று பெரும்பாலும் நம்பலாம். வந்தால் அங்கேயே உட்காருங்கள், அன்றைக்கு அவ்வளவுதான், மருத்துவரிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துச் சொல்வார்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கோயம்புத்தூர் ஏறக்குறைய 410 மீட்டர் உயரம், உதகை 2,240 மீட்டர். கோயம்புத்தூரில் இருப்பதைவிட உதகையில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறவருக்கு உடம்பு பழகியிருக்கும் என்றாலும், கீழே இரண்டு மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு மேலே வரும்போது முதல் சில நாள் மூச்சு கொஞ்சம் வாங்கத்தான் செய்யும். என் வீட்டுக்காரர் கீழே நன்றாக நடந்தார், இங்கே வந்ததும் வாசலில் இருக்கிற பதினெட்டுப் படிக்கே நின்று நின்று ஏறினார், நான் பதறிப்போனேன், பத்து நாளில் சரியாகிவிட்டது. அதனால் படிப் பரிசோதனையைக் கீழே இருக்கும்போது செய்துவிட்டு அதை நம்பி இருக்காதீர்கள், இங்கே வந்து, ஒரு வாரம் பத்து நாள் நடந்து பழகிய பிறகு செய்யுங்கள். வளைவு வளைவாகத் திரும்பி வாந்தியும் களைப்புமாக மலையேறி வந்த அன்று ராத்திரி எதையும் யோசிக்கவே வேண்டாம்.

மருத்துவரிடம் எப்படிக் கேட்பது

அவராகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். புறநோயாளிகள் வரிசையில் நூறு பேர் நிற்கும்போது, பக்கத்தில் மகனோ மருமகளோ உட்கார்ந்திருக்கும்போது, அவரும் அதை எடுக்க மாட்டார். கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும்: "டாக்டர், நாங்க வீட்ல சேர்ந்து இருக்கலாமா, எப்பலேர்ந்து?" இதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை, அவருக்குப் புரியும். வாயில் வரவில்லை என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மாத்திரைச் சீட்டோடு சேர்த்து நீட்டுங்கள். நான் கடைசியில் அப்படித்தான் செய்தேன். ஆண் மருத்துவரிடம் பெண்ணுக்குச் சங்கடமாக இருந்தால் அங்கே இருக்கிற சிஸ்டரிடம் சொன்னால் அவர் கேட்டுச் சொல்வார். கூட வந்த பிள்ளைகளை மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள், அல்லது ரெவ்யூவுக்கு நீங்கள் இருவர் மட்டும் போங்கள். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். காரணம் கீழே வருகிறது.

இங்கே ஒரு பேச்சு உண்டு, அறுபது வயசில் இதெல்லாம் என்ன கேள்வி என்று. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பக்கத்தில் படுத்திருக்கிற உடம்பின் சூடு வயசு பார்த்து வேண்டாமல் போவதில்லை, உயிர் பிழைத்து வந்த பிறகு அது இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறது.

திரும்ப ஆரம்பிப்பது

முதல் நாளே முழுசாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. முதலில் படுக்கை ஒரே அறைக்கு வரட்டும். கையைப் பிடித்துக்கொண்டு படுப்பது, காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவது, முதுகைத் தடவுவது, அணைப்பு, முத்தம், இதற்கெல்லாம் இதயம் கிட்டத்தட்ட ஒன்றும் செலவழிப்பதில்லை. தொட்டுச் சுகம் கொடுத்துக்கொள்வதும், சுய இன்பமும் முழு உடலுறவைவிடக் குறைந்த பாரம்தான், அதனால் நடுவில் ஒரு படியாக அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரமோ ஒரு மாசமோ இப்படியே போனாலும் சரி. இன்றைக்கு வேறு ஒன்றும் வேண்டாம், சும்மா இப்படி இருப்போம் என்று வாய் திறந்து பேசி வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்குமே பதற்றம் விட்டுப்போகும். நாங்கள் மூன்று வாரம் அப்படி இருந்தோம், அந்த மூன்று வாரத்தில்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம்.

நேரம் முக்கியம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது போகட்டும். மது வேண்டாம். களைத்துப்போன ராத்திரியைவிட, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகோ மதியம் ஓய்வெடுத்த பிறகோ நல்லது. நீர் மாத்திரை போடுகிறவர்கள் அதைப் போட்டு, பாத்ரூம் போய் வருவதெல்லாம் அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையில் என்று கேட்பார்கள். இருவருக்கும் பழகியது எதுவோ அதுவே நல்லது. நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்கள், ஆரம்ப மாதங்களில் ஒருக்களித்துப் பக்கவாட்டில் படுத்தபடியோ, நாற்காலியில் உட்கார்ந்தபடியோ, அல்லது கையில் பாரம் ஊன்றாமல் மல்லாந்து கீழே இருந்தபடியோ இருக்கலாம். மேலே இருக்கிறவர் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டும், நெஞ்சில் சாயக் கூடாது. கீழே இருக்கிறவருக்கு உழைப்பும் கொஞ்சம் குறைவு.

எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறவர்கள் என்னிடம் கேட்டதுண்டு, அக்கா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஒரே அறையில் மாமியார், இரண்டு பிள்ளைகள், நடுவில் ஒரு புடவைத் திரை, எங்கே போவது என்று. இதற்கு என்னிடம் மருத்துவப் பதில் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பகலில், பெரியவர்கள் சந்தைக்கோ கோயிலுக்கோ போகிற ஞாயிற்றுக்கிழமையில், லீவு எடுத்தாவது ஒரு மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள் என்றுதான் சொன்னேன். சத்தம் வரக் கூடாது, யாரும் எழக் கூடாது, சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம்தான் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. மாமியாரிடம் நேராகவே, "டாக்டர் மதியம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்" என்று சொன்ன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும், அந்த அம்மா புரிந்துகொண்டு பக்கத்து லைனுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்.

குளிர், கரி, குளியல்

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயம் அதிகம் தள்ள வேண்டியிருக்கும். மார்கழி தையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழுகிற ராத்திரியில், சில்லென்ற மெத்தையில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுப்பது இதயத்துக்கு நல்லதில்லை. படுக்கைக்குள் முன்கூட்டியே வெந்நீர்ப் பை வையுங்கள். கம்பளிக்குள்ளேயே இருங்கள், தொப்பியும் சாக்ஸும் போட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

அறையைச் சூடாக்கக் கரி அடுப்பு, கணப்பு, தணல் சட்டி எதையும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். இதை நான் காலைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அது ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கதவைச் சாத்திக் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போனதை நம் மலைகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதய நோயாளிக்கு அதில் கொஞ்சம் உள்ளே போனாலே நெஞ்சு வலி வரும். தனியாக இருக்க வேண்டும் என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துகிற நேரம் பார்த்து அது அறைக்குள் இருக்கவே கூடாது.

முடிந்தவுடன் தலைக்குக் குளிக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. குளிக்கலாம், ஆனால் உடனே எழுந்து போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டாம். கால் மணி நேரம் படுத்திருந்து, மூச்சு அடங்கிய பிறகு, வெந்நீரில் குளியுங்கள். ரொம்பச் சூடாகவும் வேண்டாம், பிரஷர் மாத்திரை போடுகிறவருக்குத் தலை சுற்றி பாத்ரூமில் விழுகிற ஆபத்து உண்டு.

மாத்திரைகள்: இந்தப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள்

விறைப்புக்காகப் போடுகிற சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகளையும், நெஞ்சு வலிக்குப் போடுகிற நைட்ரேட் மாத்திரைகளையும் சேர்த்துப் போடவே கூடாது. நைட்ரேட் என்றால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட், தினமும் போடுகிற மோனோட்ரேட், நைட்ரோகான்டின் போன்றவை. நெஞ்சு வலிக்குக் கொடுக்கிற நிக்கோராண்டில் மாத்திரையும் இதில் சேரும், அதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டும் ரத்தக் குழாயை விரிப்பவை, ஒன்றாகச் சேர்ந்தால் பிரஷர் தடாலென்று கீழே போய் உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரத்துக்கும், டடாலாஃபில் போட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் பக்கமே போகக் கூடாது. தினசரி நைட்ரேட்டில் இருக்கிறவருக்கு அந்த மாத்திரைகள் கிடையாது, வேறு வழியைத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நைட்ரேட் இல்லாமல், இதயம் நிலையாக இருக்கிறவருக்கு, மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் இந்த மாத்திரைகள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. சில்டெனாஃபிலை முதலில் நெஞ்சு வலிக்கான மருந்தாகத்தான் சோதித்துப் பார்த்தார்கள், 1998-ல்தான் இந்தப் பயனுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், அதுவும் பிரஷரை இறக்கும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்காதீர்கள், அது சட்டப்படி சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து.

அதைவிட மோசமானது லேகியம். பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டி, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் பரம்பரை வைத்தியர் பார்ப்பார் என்று வருகிறவர்கள், மூலிகை மட்டும்தான் என்று கொடுக்கிற பொடியில் சில்டெனாஃபிலையே கலந்துவிடுவது நடக்கிறது, உலகம் முழுக்க இப்படிப்பட்ட மூலிகை மருந்துகளைச் சோதித்துப் பிடித்திருக்கிறார்கள். அதைச் சாப்பிட்டவருக்கு ராத்திரி நெஞ்சு வலித்து, மனைவி அவசரமாக நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு ரத்தம் போகிறது, இதய நோயாளி சக்தியைச் சேமிக்க வேண்டும் என்று இவர்கள் பயமுறுத்துவதும் முழுப் பொய். விந்து வெளியேறுவதால் இதயம் பலவீனமாவதில்லை.

விறைப்புக் குறைந்ததும் புது மாத்திரைதான் காரணம் என்று துடிப்பையும் பிரஷரையும் குறைக்கக் கொடுக்கிற பீட்டா பிளாக்கரை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலியும் அட்டாக்கும் வரலாம். சில பீட்டா பிளாக்கர்கள், நீர் மாத்திரைகள், ஸ்பைரோனோலாக்டோன் இவை விறைப்பைக் குறைக்கலாம் என்பது உண்மை, மாற்று மாத்திரைகளும் இருக்கின்றன, மருத்துவரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். ஆனால் 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மறக்கவே இல்லை. ஒரே பீட்டா பிளாக்கரைக் கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்றே தெரியாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் விறைப்புக் குறைந்தது, இது விறைப்பைக் குறைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு முப்பதுக்கும் மேல். பயமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மீதிப் பாதி பெரும்பாலும் அதே ரத்தக் குழாய் நோய். ஆணுறுப்புக்குப் போகிற குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பு அங்கே முதலில் தெரியும், பலருக்கு அட்டாக் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே. நாற்பது வயசில் தொடர்ந்து விறைப்புப் பிரச்சினை இருந்து, இதயம் ஒன்றும் செய்யவில்லை என்கிற தம்பிகள் அதற்கு மாத்திரை வாங்குவதோடு நிற்காமல் சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பீடி சிகரெட்டை விடுவது, சுகரைக் கட்டுக்குள் வைப்பது, தினமும் நடப்பது, இவற்றால் விறைப்பும் மெல்ல மேம்படும். எதிலும் ஆசை இல்லை, அழுகை வருகிறது, தூக்கம் இல்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அட்டாக்குக்குப் பிறகு அது ரொம்ப சகஜம், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

நோயாளி பெண்ணாக இருந்தால்

இதுவரைக்கும் எழுதியதில் பாதிக்கு மேல் ஆணை நினைத்தே எழுதிவிட்டேன், ஏனென்றால் கேட்பவர்களும் அவர்களே. ஸ்டென்ட் வைத்த பெண்ணிடம், பைபாஸ் ஆன பெண்ணிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. அவளுக்கு ஆசை இருக்கலாம், அல்லது நெஞ்செலும்பு வலியோடு கணவனுக்காகச் சரி என்று படுத்திருக்கலாம். இரண்டையும் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சியால் எரிச்சலும் வலியும் இருக்கும், மருந்துக்கடையில் கிடைக்கிற தண்ணீர் கலந்த ஜெல் அதற்குப் போதும். காண்டம் போடும்போது தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் கிழியும். பைபாஸ் தழும்பு மேல் உள்ளாடை உரசினால் மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொள்ளலாம். தழும்பைப் பார்த்துக் கூச்சப்படுகிறவளிடம் கணவன் அதைத் தொட்டு, வலிக்கிறதா என்று கேட்டாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

குழந்தை பெறுகிற வயசில் இருக்கிறவர்கள், முக்கியமாகச் சிறு வயசில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு மாற்றிய பெண்கள், மருத்துவரைப் பார்க்கிற ஒரு சந்திப்பைக் கூடக் கருத்தடை பற்றிப் பேசாமல் முடிக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற வார்ஃபரின், அசிட்ரோம், பிரஷருக்கான ராமிப்ரில் வகை, கொழுப்பு மாத்திரை இவையெல்லாம் வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பாதிக்கக் கூடியவை. குழந்தை வேண்டும் என்றால் தங்குவதற்கு முன்பே இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்த்து மாத்திரையை மாற்ற வேண்டும், நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே போக வேண்டும், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாலா-என் மாதிரி ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் கூட்டும், அட்டாக் வந்தவர்களுக்கு அது வேண்டாம். காண்டம், காப்பர்-டி, கணவனுக்குச் செய்கிற எளிய ஆபரேஷன் என்று வழிகள் இருக்கின்றன. காப்பர்-டி மாதவிடாய் ரத்தத்தைக் கூட்டும் என்பதால் ரத்தம் இளகுகிற மாத்திரை போடுகிறவர்கள் கேட்டுச் செய்யுங்கள்.

நடுவில் நெஞ்சு வலித்தால்

உடனே நிறுத்துங்கள். எழுந்து சாய்ந்து உட்காருங்கள், போர்த்திக்கொள்ளுங்கள். விறைப்பு மாத்திரையோ லேகியமோ சாப்பிடவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால், மருத்துவர் கொடுத்திருக்கிற சார்பிட்ரேட்டை உட்கார்ந்தபடி நாக்குக்கு அடியில் வையுங்கள். அந்த மாத்திரையோ லேகியமோ சாப்பிட்டிருந்தால் சார்பிட்ரேட் வைக்கவே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவர் சார்பிட்ரேட் கொடுக்கவே இல்லை என்றால் அந்த ஐந்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம். நமக்கு வளைவு ரோடு, பனி மூட்டம், யானை நிற்கிற இடம் எல்லாம் தாண்டித்தான் வண்டி வர வேண்டும், விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பது சமவெளிக்காரர்களைவிட நமக்கு இன்னும் ஆபத்து. ஆம்புலன்ஸ் வராத இடமென்றால் பக்கத்து ஜீப்பை எழுப்பி, அருகில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தமிழக அரசு 2023-ல் ஆரம்பித்த இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

அங்கே போனதும் எப்போது வலி ஆரம்பித்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது, என்ன மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று அப்படியே சொல்லுங்கள். நான் இருபத்து நாலு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் இதைக் கேட்டிருக்கிறேன், "சும்மா தூங்கிட்டு இருந்தாரு" என்பார்கள். அந்தப் பொய்யை நம்பி நாங்கள் நைட்ரேட் ஏற்றிவிட்டால் அவரைக் காப்பாற்றுவது கஷ்டம். கூச்சமாக இருந்தால் சிஸ்டரின் காதில் சொல்லுங்கள். எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, எங்கள் வீட்டில் மாட்டியிருப்பதுபோல, வெளிக்கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். ராத்திரி பதறிக் கிளம்பும்போது அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடினால் போதும்.